"சர்வர் டவுன்" என்று சொல்வதற்கு முன்: இ-கோர்ட் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கோர்ட் வாசலுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் பிராது அடிப்பது, ஜெராக்ஸ் போடுவது, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தைத்துக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடியது. இ-ஃபைலிங் (வழக்கை இணையத்தில் தாக்கல் செய்வது) வந்த பிறகு வக்கீல் குமாஸ்தாக்கள் "அண்ணே, சர்வர் டவுன்" என்று சொல்லிக்கொண்டேதான் கடைக்குள் நுழைகிறார்கள். உட்கார வைத்துப் பார்த்தால், சர்வர் பாவம், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கோளாறு பெரும்பாலும் நம் கையருகே, காசு செலவில்லாமல் சரியாகிற இடத்தில் கிடக்கும்.

அடிக்கடி வருபவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். தமிழ்நாட்டு மாவட்ட, சார்பு, முன்சீப் கோர்ட்டுகளை வைத்து எழுதியது இது. உயர் நீதிமன்றத்தில் திரைகள் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

## வழக்கைத் தேடினால் "ரெக்கார்டு இல்லை" என்று வருகிறது

சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் கொடுக்கும் தனி அடையாள எண்) போட்டுத் தேடினீர்கள் என்றால்: முதலில் எண்ணிப் பாருங்கள், 16 இடம் இருக்க வேண்டும். மாநிலத்துக்கு 2 எழுத்து, மாவட்டத்துக்கு 2 எழுத்து, கோர்ட்டுக்கு 2 இடம், வரிசை எண் 6 இலக்கம், கடைசியில் ஆண்டு 4 இலக்கம். நடுவில் கோடோ இடைவெளியோ போடக் கூடாது. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஓ எழுத்தை அடிப்பதுதான் வழக்கமான தப்பு. மாவட்ட எழுத்துகளுக்கு அப்புறம் வருவது பெரும்பாலும் பூஜ்யம்தான். பழைய நோட்டீஸ் ஜெராக்ஸில் 8-ம் 3-ம் ஒன்றாகத் தெரியும், அதையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வழக்கு எண் போட்டுத் தேடினீர்கள் என்றால்: ஒரே வளாகத்தில் முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்ட கோர்ட் மூன்றும் இருக்கும். ஓ.எஸ். (அசல் வழக்கு) 120 மூன்றிலும் இருக்கலாம். வளாகத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு எந்த கோர்ட் என்பதையும் சரியாகத் தேர்ந்தெடுத்தீர்களா? அடுத்து ஆண்டு. டிசம்பரில் தாக்கல் செய்து ஜனவரியில் நம்பர் ஆன வழக்குக்கு, நம்பர் ஆன ஆண்டைத்தான் போட வேண்டும். ஐ.ஏ. (வழக்குக்குள் போடும் இடைக்கால மனு) எண்ணை ஓ.எஸ். என்று போட்டுத் தேடிவிட்டு சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

இன்னும் எஸ்.ஆர். நிலையில் (தாக்கலாகி நம்பருக்குக் காத்திருக்கும் நிலை) இருந்தால்: நம்பரே ஆகவில்லை, அப்புறம் எங்கே தெரியும்? ஃபைலிங் நம்பர் என்று தனியாக ஒரு தேடல் இருக்கிறது, அதில் பாருங்கள்.

பெயர் போட்டுத் தேடினீர்கள் என்றால்: முழுப் பெயரை அடிக்காதீர்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பதியும் கிளார்க் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். முருகேசனுக்கு ஒரு எஸ்ஸா இரண்டா, தங்கத்துக்கு எச் உண்டா என்பதெல்லாம் அவரவர் மனதைப் பொறுத்தது. இனிஷியலை விட்டுவிட்டு முதல் நான்கு எழுத்தை மட்டும் போட்டு, நிலுவை, முடிந்தது இரண்டிலும் தேடுங்கள்.

போக்சோ வழக்குகளையும் சில குடும்ப வழக்குகளையும் வேண்டுமென்றே மறைத்து வைத்திருப்பார்கள். அது கோளாறு கிடையாது.

எல்லாம் பார்த்தும் கிடைக்கவில்லையா? வளாகத்துக்குள் இ-சேவா கேந்திரா இருந்தால் நேராக அங்கே போங்கள். வழக்கு நிலை பார்த்துச் சொல்வது அவர்கள் வேலைதான். இதற்காக வக்கீலுக்கு போன் போட வேண்டாம்.

## ஆப்பில் ஒரு தேதி, கோர்ட்டில் ஒரு தேதி

இதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்சிக்காரர், பிரதிவாதி, வெளியூர். மொபைலில் இ-கோர்ட்ஸ் ஆப் வாய்தா 18 என்று காட்டியது, நிம்மதியாக இருந்துவிட்டார். நீதிபதி விடுப்பில் இருந்த நாளில் வழக்குகளைக் கூட்டமாகத் தள்ளி வைத்தபோது இவருடையது 11-க்குப் போயிருந்தது. பதிவேற்றம் ஆகும்போது ஏதோ இடறியிருக்கிறது. 18-ஆம் தேதி சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றார். 11-ஆம் தேதியே எக்ஸ்பார்ட்டி (அவர் வராமலேயே ஒருதலைப்பட்ச உத்தரவு) ஆகியிருந்தது.

சரி, எப்படிப் பார்ப்பது?

முதலில் ஆப்பை மூடித் திறந்து அந்த வழக்கைப் புதுப்பியுங்கள். "என் வழக்குகள்" பட்டியலில் சேமித்து வைத்தது நீங்கள் புதுப்பிக்கும் வரை பழைய தேதியையே காட்டிக்கொண்டிருக்கும். இது ஒரு விரல் வேலை, பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, வழக்கு நிலையில் "அடுத்த தேதி" மட்டும் பார்க்காமல் கீழே போய் கடைசி ஹியரிங்கின் பதிவைத் திறந்து பாருங்கள். அன்றைக்கு என்ன நடந்தது, எதற்காகத் தள்ளி வைத்தார்கள் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி காலியாக இருந்தால் அன்றைய பதிவு இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம். மேலே தெரியும் தேதியை நம்பாதீர்கள்.

மூன்றாவது, அந்த கோர்ட்டின் காஸ் லிஸ்ட்டை (அந்த நாளில் எடுக்கும் வழக்குகளின் பட்டியல்) முந்தின நாள் மாலை பாருங்கள். ஆப் சொல்வதும் காஸ் லிஸ்ட் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்பதைத் தவிர வழியில்லை. கோர்ட் டைரியில் எழுதியதுதான் தேதி. ஆப் வெறும் கண்ணாடி, அதில் தூசு படியும்.

எஸ்.எம்.எஸ். வரவில்லை என்பவர்கள், தாக்கலின்போது யார் மொபைல் எண்ணைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். நூற்றுக்கணக்கான வழக்குக் கட்டுகளில் குமாஸ்தாவின் எண்தான் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போய் எண்ணையும் மாற்றியிருப்பார்.

வக்கீலை உடனே கூப்பிட வேண்டிய இடம்: தேதி தவறிவிட்டது என்று தெரிந்த அதே நாள். எக்ஸ்பார்ட்டி உத்தரவு மட்டும்தான், டிகிரி (தீர்ப்பாணை) இன்னும் ஆகவில்லை என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 9 ரூல் 7. டிகிரி ஆகிவிட்டால் ரூல் 13, அதற்குக் கணக்கு 30 நாள். வாதி வராமல் வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால் ரூல் 9, அதற்கும் 30 நாள். ஆப் தப்பாகக் காட்டிய திரையை, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுங்கள். மனுவோடு சேர்க்க உதவும்.

## ஓ.டி.பி. வரவில்லை

போனில் மெசேஜ் பெட்டி நிறைந்திருக்கிறதா, ஸ்பேம் பக்கம் போய்விட்டதா, பதிவு செய்தது இந்த எண்தானா, இந்த மூன்றும். மெயிலுக்கும் வருகிறதா என்று பாருங்கள். "மறுபடி அனுப்பு" பொத்தானை ஐந்து முறை அமுக்காதீர்கள். கடைசியாக வந்ததுதான் செல்லும், முன்னால் அனுப்பியது பின்னால் வந்து குழப்பும். ஆதார் ஓ.டி.பி. என்றால் ஆதாரோடு இணைத்த எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம் இப்போது இல்லையென்றால் ஆதாரில் எண்ணை மாற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

## தமிழில் அடித்தது குப்பையாக வருகிறது

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு, ஏனென்றால் நானே பல வருடம் இதைச் செய்திருக்கிறேன்.

பிராது உங்கள் கணினியில் அழகாகத் தெரியும். அதே வரிகளை எடுத்து ஃபைலிங் பெட்டியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகச் சிதறும். அல்லது வக்கீல் தன் மொபைலில் திறந்தால் முழுப் பக்கமும் கட்டம் கட்டமாக நிற்கும். காரணம் ஒன்றுதான்: பழைய எழுத்துரு. பாமினி, வானவில் மாதிரி எழுத்துருக்களில், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ்ச் சட்டை. சட்டை இல்லாத கணினிக்குப் போனால் அம்மணமாகிவிடும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் ஜாப் டைப்பிங் கடைகளில் இன்னமும் பழசுதான் ஓடுகிறது.

சோதனை: கோப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் யூனிகோடு, உங்கள் பிரச்சினை வேறு. ஆங்கிலக் கிறுக்கலாக விழுந்தால் பழைய எழுத்துரு.

செலவில்லாத வழி: கோப்பை அச்சிடுவது போல பி.டி.எஃப். ஆக மாற்றும்போது எழுத்துருவும் உள்ளே பதிகிறதா என்று பார்த்து மாற்றுங்கள். பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, அதனால் இதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர வழி: பழைய கோப்புகளை மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் இருக்கின்றன. எந்த எழுத்துருவிலிருந்து என்பதைச் சரியாகச் சொன்னால் நொடியில் மாற்றும். மாற்றியதைக் கட்டாயம் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறும், நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் சர்வே எண்ணில் உள்ள ஆங்கில எழுத்தும் தமிழாகிவிடும். சொத்து விவரத்தில் 14/2ஏ என்பது 14/2 என்று நின்றால் அப்புறம் திருத்த மனு போட்டு அலைய வேண்டும். புதிதாக அடிப்பதற்கு, கை பழகிய டைப்ரைட்டர் விசைப்பலகையே யூனிகோடிலும் கிடைக்கிறது. "தமிழ் 99 கற்றுக்கொள்ள இந்த வயசில் முடியாது" என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்த நான், இதைத் தெரிந்துகொண்ட அன்றே மாறிவிட்டேன்.

இதற்கு யாரையும் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டியதில்லை.

## பி.டி.எஃப். ஏற மறுக்கிறது

அளவைப் பாருங்கள். பதிவேற்றும் பக்கத்திலேயே வரம்பு எழுதியிருக்கும். மொபைல் கேமராவில் வண்ணத்தில் பிடித்த 40 பக்கம் யானை மாதிரி இருக்கும். ஸ்கேனரில் கறுப்பு வெள்ளை, 300 டி.பி.ஐ. வைத்து எடுத்தால் அதே கட்டு எலியாகிவிடும். வண்ணம் தேவைப்படுவது புகைப்படத்துக்கும் எஃப்.எம்.பி. (நில அளவை) வரைபடத்துக்கும்தான்.

அளவு சரியாக இருந்தும் ஏறவில்லையா? கோப்பின் பெயரைப் பாருங்கள். தமிழ் எழுத்து, சாய்கோடு, அடைப்புக்குறி, நீளமான பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் குட்டியாக ஒரு பெயர் வையுங்கள். பிறகு பூட்டு: வங்கி ஸ்டேட்மெண்ட், ஆன்லைன் வில்லங்கச் சான்று மாதிரியானவை பாஸ்வேர்டோடு வரலாம், அல்லது ஏற்கெனவே மின்கையெழுத்துப் பட்டிருக்கலாம். திறந்து மறுபடி அச்சிட்டு பி.டி.எஃப். ஆக்குங்கள். மின்கையெழுத்துள்ள கோப்பை மற்றவற்றோடு இணைத்தால் கையெழுத்து செல்லாமல் போகும், ஆகவே அசலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

## டோக்கனைச் சொருகினால் கணினி கண்டுகொள்ளவில்லை

டோக்கன் என்பது வக்கீலின் மின்கையெழுத்துச் சான்றிதழ் இருக்கும் யு.எஸ்.பி. குச்சி. அதை வேறு யு.எஸ்.பி. துளையில் போடுங்கள். முன்பக்கத் துளைகள் பல கடைகளில் தளர்ந்து போயிருக்கும். விளக்கு எரிகிறதா? எரிந்தால் டோக்கன் உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. அதை நிறுவுங்கள். டோக்கனின் சொந்த மென்பொருளில் சான்றிதழ் தெரிந்து ஃபைலிங் தளத்தில் மட்டும் தெரியவில்லை என்றால், கையெழுத்திடும் துணை மென்பொருள் பின்னணியில் ஓடவில்லை. கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், ஆன்டிவைரஸ் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

சான்றிதழின் காலாவதி தேதியையும் பாருங்கள். இரண்டு வருடம் முன்பு வாங்கியது நினைவிலேயே இருக்காது.

பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டுக்கொண்டே போனால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். மூன்றாவது தப்புக்குப் பிறகு நிறுத்திவிட்டு விற்றவரைக் கூப்பிடுங்கள். நீங்களே அழித்துப் புதுப்பித்தால் உள்ளே இருக்கும் சான்றிதழும் போய்விடும், புதிதாகக் காசு கட்ட வேண்டும். அன்றைக்கே தாக்கல் செய்தாக வேண்டும் என்றால் ஆதார் ஓ.டி.பி. கையெழுத்து இருக்கிறதே.

ஒரு வார்த்தை: வக்கீலின் டோக்கன் குமாஸ்தாவின் சட்டைப் பையிலும், அதன் பாஸ்வேர்டு என் கடைச் சுவரிலும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 42-ன்படி அதைத் தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டியவர் சான்றிதழ் வாங்கியவர்தான்.

## பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை

கையை எடுங்கள். மறுபடி கட்டாதீர்கள்.

வங்கிச் செயலியில் பரிவர்த்தனை எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃபைலிங் தளத்தில் அதே வழக்கைத் திறந்து கட்டணப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். பல நேரம் அரை மணியில் ஏறிவிடும். ஏறாமல், வங்கியிலும் பணம் தோல்வி என்று காட்டினால் தானாகத் திரும்ப வர வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, இணையத்தில் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கட்டணம் செலுத்தி அது நிறைவேறாமல் போனால் 5 நாளுக்குள் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். இதை எடுத்துச் சொன்னால் கிளையில் பேச்சின் தொனி மாறும். ஆனால் பணம் அரசுக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ரசீது மட்டும் இல்லை என்றால் வங்கி எதுவும் செய்ய முடியாது. பரிவர்த்தனை எண்ணோடு ஃபைலிங் செக்‌ஷனுக்கு எழுத்தில் கொடுங்கள்.

## தாக்கல் செய்து பல நாள் ஆகிறது, நம்பர் வரவில்லை

"டிராஃப்ட்ஸ்" பெட்டியைத் திறங்கள். உங்கள் வழக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். எல்லாம் ஏற்றி, கையெழுத்திட்டு, கடைசிச் சமர்ப்பிப்பை அமுக்காமல் கணினியை மூடியவர்கள் ஏராளம். "நாட் அக்செப்டட்" பெட்டியில் இருந்தால் காரணம் எழுதியிருக்கும். வக்காலத்தில் கையெழுத்தில்லை, இண்டெக்ஸில் பக்க எண் சரியில்லை மாதிரிச் சில்லறை விஷயங்கள்தான் வரும். சரி செய்து மறுபடி அனுப்புங்கள், ஆனால் ரிட்டர்னுக்கு (திருத்தித் தரச் சொல்லித் திருப்பியதற்கு) கொடுத்த கெடு ஓடிக்கொண்டிருக்கும். "டெஃபிசிட் கோர்ட் ஃபீஸ்" என்றால் மீதியைக் கட்ட வேண்டும். சொத்து மதிப்பீடே தப்பு என்கிறார்கள் என்றால் கடைக்காரனிடம் கேட்காதீர்கள், அது வக்கீல் பார்க்க வேண்டிய கணக்கு.

## இன்றுதான் கடைசி நாள், தளம் திறக்கவில்லை

முதல் இரண்டு நிமிடம்: கடை வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள், வேறு பிரவுசரில் பாருங்கள். இரண்டிலும் விழுந்தால் சரி, இந்த ஒரு முறை சர்வர்தான். நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஃபைலிங் கவுன்ட்டருக்கு நடங்கள். கவுன்ட்டர் மூடுவதற்குள். காலக்கெடுச் சட்டம் பிரிவு 4 கோர்ட் மூடியிருந்தால் திறக்கும் நாளுக்குக் கெடுவைத் தள்ளிக் கொடுக்கிறது. தளம் மூடியிருந்தது என்பதை அந்தப் பிரிவுக்குள் அடைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பிரிவு 5-ல் தாமதத்தை மன்னிக்கக் கேட்பது அப்பீலுக்கும் மனுக்களுக்கும் உண்டு, அசல் வழக்குக்கு இல்லை. பணம் கேட்டு ஒரு வழக்கு, இன்றோடு மூன்று வருடம் முடிகிறது என்றால், வக்கீல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுப்புங்கள்.

## வீடியோ ஹியரிங்கில் குரல் இரட்டிக்கிறது, அல்லது உள்ளேயே விடவில்லை

எதிரொலி வந்தால் ஒரே அறையில் இரண்டு கருவி ஓடுகிறது. வக்கீல் லேப்டாப்பில், ஜூனியர் பக்கத்தில் மொபைலில். ஒன்றை அணையுங்கள். ஒரு சாதாரண ஒயர் இயர்போன் மீதியைச் சரி செய்துவிடும். குரல் திடீரென்று நின்றால் போனில் அழைப்பு வந்திருக்கும், ஆகவே ஹியரிங்குக்கு முன்பே அழைப்புகளை நிறுத்தி வையுங்கள்.

உள்ளே விடவில்லை என்றால் உங்கள் பெயரைப் பாருங்கள். "ரெட்மி நோட்" என்று காத்திருப்பவரை யார் உள்ளே விடுவார்கள்? வரிசை எண், பெயர், எந்தத் தரப்பு என்று வையுங்கள். லிங்க் இன்றைய காஸ் லிஸ்ட்டில் இருப்பதுதானா என்றும் பாருங்கள். சாட்சி விசாரணை என்றால் சாட்சி இருக்கும் இடத்திலும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும், அதை முன்கூட்டியே கோர்ட்டில் கேட்டு வாங்க வேண்டும். திரையைப் பதிவு செய்யாதீர்கள், அனுமதி கிடையாது.

## சி.சி.டி.வி. காட்சி கடையில் ஓடுகிறது, கோர்ட்டில் ஓடவில்லை

மாவட்ட கோர்ட் கணினிகளில் பெரும்பாலும் உபுண்டு லினக்ஸ்தான். கேமரா காட்சியைப் பதியும் டி.வி.ஆர். பெட்டியோடு வரும் பிளேயர் விண்டோஸுக்கானது, அங்கே திறக்காது. காட்சியை எச்.265 என்ற சுருக்க வடிவில் எடுத்திருந்தாலும் சிக்கும். அதற்காகக் கோப்பை மாற்றி, மாற்றியதை மட்டும் எடுத்து வந்து கொடுக்காதீர்கள். அசலை அப்படியே ஒரு பென்டிரைவில் வைத்து, எம்.பி.4 ஆக மாற்றியதை "பார்வைக்கு மட்டும்" என்று தனியாக வையுங்கள். எதை எதிலிருந்து மாற்றினோம் என்று எழுதியும் வையுங்கள்.

ஓடினால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி படிவத்தை நகலெடுத்துக் கொடுத்துத் திரும்பி வந்தவர்கள் என் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். புதியதில் இரண்டு பகுதி: ஏ பகுதி கருவியை வைத்திருப்பவர் கொடுப்பது, பி பகுதி நிபுணர் கொடுப்பது. இரண்டிலும் கோப்பின் ஹாஷ் எண் (கோப்பின் கைரேகை மாதிரி, கோப்பு மாறினால் எண்ணும் மாறும்) வர வேண்டும். செவன்-ஜிப் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து எஸ்.எச்.ஏ.-256 வகை ஹாஷ் எடுக்கலாம், 64 இடம் வரும். தட்டச்சு செய்யாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள்.

ஹாஷ் ஒத்துப்போகவில்லையா? எப்படி வந்தது என்று கேளுங்கள். மளிகைக்கடைக்காரர் ஒருவர் தன் கடைச் சண்டைக் காட்சியை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, மகன் வக்கீலுக்கு அனுப்பி, வக்கீல் எனக்கு அனுப்பினார். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். என்னிடம் வந்தது வேறு கோப்பு. அவரையே கடைக்குத் திருப்பி அனுப்பினேன், டி.வி.ஆரிலிருந்து நேராக எடுத்து வரச் சொல்லி. போனபோது இன்னொன்றும் தெரிந்தது: பெட்டியின் கடிகாரம் 47 நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், டி.வி.ஆர். திரையையும் போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து வையுங்கள், வித்தியாசத்தைச் சான்றிதழில் சொல்லிவிடலாம் என்றேன்.

டிஸ்க் நிறைந்ததும் டி.வி.ஆர். பழசின் மேலேயே எழுதும். சம்பவம் நடந்து நாளாகியிருந்தால் முதலில் பதிவை நிறுத்துங்கள். காட்சி அழிந்திருந்தால், அல்லது டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தொடாமல் வையுங்கள். கடைத்தெருவில் "ரெக்கவரி" போர்டு மாட்டியவரிடம் கொடுக்காதீர்கள். வக்கீல் மனுப்போட்டு கோர்ட் மூலம் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பும் வரை அது அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.